எத்தனை மாணவர்கள் என்று கேட்டால் எந்தப் பதிலைச் சொல்வது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முதுகலைச் சேர்க்கையை ஒட்டி உங்கள் நாளிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி வந்திருந்தது. தொடங்கிய ஆண்டு 1857, வளாகங்கள் ஆறு, புலங்கள் 18, துறைகள் 73, உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் தரம் ஏ பிளஸ் பிளஸ், படித்துப் பெயர் வாங்கியவர்களில் சி.வி. ராமன், எஸ். சந்திரசேகர் என்று அழகாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். அதில் தப்பு கண்டுபிடிக்க நான் வரவில்லை. அத்தனையையும் மனப்பாடம் செய்தாலும், அங்கே விண்ணப்பம் போடப் போகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டியது எதுவும் தெரிந்திருக்காது. அதுதான் என் குறை.

நான் வேறொரு அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எது என்று சொல்ல வேண்டாம். நடைமுறை எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆண்டறிக்கைக்கும் அரசுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவுக்கும் புள்ளிவிவரம் தொகுத்து அனுப்புவது என் டேபிள் வேலை. துறைகளுக்குச் சுற்றறிக்கை போகும். பதில் வராது. நினைவூட்டு ஒன்று போகும், நினைவூட்டு இரண்டு போகும். அப்புறம் போன். கடைசியில் போன வருஷத்துத் தாளிலேயே ஆண்டை மட்டும் திருத்தி, துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒன்று வந்து சேரும். ஒயிட்னர் தடவிய இடம் அப்போதுதான் காய்ந்திருக்கும். அச்சாகி வந்ததும் அந்த எண்ணுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். உங்கள் பெட்டியில் ஏறும்போது அது வரலாறாகவே ஆகிவிடுகிறது.

‘மொத்த மாணவர்கள்’ என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து இதற்குப் பதில் மாறும். வளாகத்தில் இருக்கும் துறைகளில் முதுகலையும் பிஎச்.டி.யும் படிப்பவர்கள் ஒரு கணக்கு. இணைவுக் கல்லூரிகளில் படிக்கும் இளங்கலைப் பிள்ளைகள் இன்னொரு கணக்கு. இது முதல் கணக்கைப் போலப் பல மடங்கு. தன்னாட்சிக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் 1978 முதல் உண்டு. பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு எல்லாம் அவர்களுடையது. பட்டச் சான்றிதழில் பெயர் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. அந்தப் பிள்ளைகளைச் சேர்ப்பதா வேண்டாமா? அப்புறம் தொலைதூரக் கல்வி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கான நிறுவனம் 1981-ல் வந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், வளாகத்துக்குள் காலடி வைக்காமலேயே பட்டம் வாங்குபவர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். இத்தனையும் போதாதென்று தேர்வுப் பிரிவைக் கேட்டால் ஹால் டிக்கெட் கணக்கைச் சொல்லும். அதில் மூன்று வருஷத்துக்கு முன் படித்து முடித்து, இன்னும் ஒரு அரியர் பேப்பரை விடாமல் எழுதிக்கொண்டிருப்பவரும் இருப்பார்.

இந்தக் கணக்குகள் எதுவும் பொய் இல்லை. விழா மேடையில் வாசிக்கப் பெரிய எண் போகும். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்று யாராவது கேட்டால் சின்ன எண் போகும். நானே ஒரே வாரத்தில் இரண்டு வெவ்வேறு படிவத்துக்கு இரண்டு வெவ்வேறு ‘மொத்தம்’ அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்கும் கோப்பில் ஆதாரம் இருந்தது, இரண்டிலும் பதிவாளர் கையெழுத்தும் இருந்தது. எந்தத் தேதிக் கணக்கு, யார் யார் அடக்கம் என்ற குறிப்பு மட்டும் அச்சுக்குப் போகும்போது உதிர்ந்துவிடும். உதாரணத்துக்கு, சேர்க்கை முடிந்த கையோடு எடுக்கும் எண்ணிக்கைக்கும் இரண்டு மாதம் கழித்து எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கும். இடையில் வேறு கல்லூரியில் இடம் கிடைத்து டி.சி. வாங்கிப் போனவர்களின் பெயர் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் அடிபட்டிருக்கும். எங்கள் படிவத்தில் அடிபடாது.

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது என்பதற்கு எல்லாரும் காட்டும் எண்ணும் சேர்ந்தவர் கணக்குதான். 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நம் மாநிலத்தின் மொத்த சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினர் நூறு பேருக்கு எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது, 47; நாட்டுக்கு 28.4. நிஜமாகவே பெருமைப்பட வேண்டிய விஷயம். இந்த மாநிலத்தில் எத்தனை வீட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் உருவாகிறார்கள் என்று விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவளுக்குத் தெரியும். பெற்றோர் கையெழுத்துக்கான கட்டத்தில் எத்தனை கைநாட்டைப் பார்த்திருக்கிறேன்! ஆனால் நூறு பேர் சேர்ந்தால் அவர்களில் எத்தனை பேர் உரிய ஆண்டுகளுக்குள் முடித்து வெளியே வருகிறார்கள் என்ற எண் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. அது தேர்வுப் பிரிவின் கணினியில் இருக்கிறது. ஒருவரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன். 1857 செப்டம்பர் 5 என்பது சரி. கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டு பிறந்தவைதான். அதற்கு முன்பே, 1839 நவம்பரில், பல்கலைக்கழகம் வேண்டும் என்று சென்னை மாகாணத்து மக்கள் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவுக்கு மனு கொடுத்தார்கள். அந்த வரலாறு எனக்கும் பிடிக்கும். ஆனால் ‘ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கற்பித்து வரும்’ என்று உங்கள் செய்தியில் ஒரு தொடர் இருந்ததே, அங்கேதான் இடறுகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கிய இந்த மூன்றுமே முதலில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்த அமைப்புகள்தான். பாடம் நடத்தியவை மாநிலக் கல்லூரி மாதிரியான கல்லூரிகள். பல்கலைக்கழகம் தானே பேராசிரியர்களை நியமித்துக் கற்பிக்கலாம் என்று வழி திறந்தது 1904-ம் ஆண்டுச் சட்டம். அதற்கும் பத்து வருஷம் கழித்து, 1914-ல்தான் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அங்கே இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியராக அமர்ந்தார். ஆக முதல் அரை நூற்றாண்டு முழுக்க அது ஒரு தேர்வுப் பிரிவு. தேர்வுப் பிரிவுக்காரர்களோடு சண்டை போட்டே காலம் கழித்த எனக்கு இது கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

அந்தத் தேர்வின் முதல் அறுவடை எவ்வளவு தெரியுமா? இரண்டு பேர். சி.வை. தாமோதரம் பிள்ளையும் கரோல் விசுவநாத பிள்ளையும். இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். தாமோதரம் பிள்ளை பிற்பாடு தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். இன்றைய படிவத்தில் அந்த ஆண்டை நிரப்பினால் ‘பட்டம் பெற்றோர்: 2, வெளிநாட்டு மாணவர்: 2’ என்று வரும்; சர்வதேசமயமாக்கல் நூறு சதவீதம்! கணித மேதை ராமானுஜனோ பட்டப் படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் கடைசிவரை தேறவே இல்லை. தேர்ச்சி விகிதத்தில் அவர் தோல்விப் பக்கத்து ஆள். அதே பல்கலைக்கழகம் 1913-ல் பட்டம் இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. விதிக்குள் அடங்காத அந்த ஒரு முடிவுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

பரப்பளவும் அப்படித்தான். ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதும் அதன் கீழ் இருந்தது. 1916-ல் மைசூர், 1926-ல் ஆந்திரா, 1929-ல் அண்ணாமலை, 1937-ல் திருவிதாங்கூர் என்று ஒவ்வொரு பகுதியாகப் பிரிந்தது. பொறியியல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கும், மருத்துவம் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கும், சட்டம் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் போயின. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபோது வட மாவட்டங்களும் போயின. இப்போது மிச்சம் சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களும்தான். ‘முன்பு இத்தனை கல்லூரி இருந்தது, இப்போது குறைந்துவிட்டது’ என்று யாராவது வருத்தப்பட்டு எழுதினால் நம்பிவிடாதீர்கள். அது சரிவு இல்லை, பாகப்பிரிவினை.

நிஜமான சரிவு எங்கே என்று கேட்டால் ஆசிரியர் வரியில் என்பேன். ‘ஆசிரியர்கள்’ என்று ஒரே எண்ணாகப் போடுவதை முதலில் நிறுத்த வேண்டும். ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியிருப்பது எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால்தான் அந்த வரிக்கு அர்த்தம். ஒரு பேராசிரியர் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவர் அறைக் கதவில் பெயர்ப் பலகை கழற்றிய இரண்டு ஆணி ஓட்டை மட்டும் இருக்கும். பணியிடம் காகிதத்தில் உயிரோடு இருக்கும். அவர் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு தாள்கள் ஜூலையில் ஒரு கௌரவ விரிவுரையாளர் கைக்குப் போகும். அவர் விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் தேறியவர், பிஎச்.டி. முடித்தவர், நன்றாகவே பாடம் எடுப்பார், ஆனால் பிஎச்.டி.க்கு வழிகாட்டியாகப் பதிவு செய்ய முடியாது, அடுத்த ஜூலையில் இருப்பாரா என்பதும் தெரியாது. மானியக் குழு 2019-ல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று பரிந்துரைத்தது. அந்தத் தொகை தங்கள் கைக்கு வருகிறதா என்று அவர்களையே கேட்டு எழுதலாமே. உங்கள் நிருபருக்கு நல்ல கட்டுரை கிடைக்கும்.

பிஎச்.டி. சேரப் போகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு சொல்லித் தருகிறேன். மானியக் குழு விதிப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் எட்டு ஆய்வாளர்களையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நாலு பேரையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு துறையில் பேராசிரியர் ஒருவர், இணை ஒருவர், உதவி மூவர் என்றால் எட்டும் ஆறும் பன்னிரண்டும் சேர்த்து 26. அதற்கு மேல் இடம் கிடையாது. 2022 விதிப்படி ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆளெடுக்கக் கூடாது. அந்தப் பேராசிரியர் 58 வயதைத் தாண்டி, அங்கே ஓய்வு வயது 60 என்றால் அவருடைய எட்டையும் மறந்துவிட வேண்டியதுதான். இப்போது இருக்கும் ஆய்வாளர் பட்டியலைத் துறையில் வாங்கி, 26-லிருந்தோ 18-லிருந்தோ கழித்துப் பாருங்கள். விளம்பரத்தில் ‘விண்ணப்பங்கள் வரவேற்கப்படுகின்றன’ என்பதற்கு அர்த்தம் புரிந்துவிடும். ஏ பிளஸ் பிளஸ் தெரிந்து என்ன ஆகப்போகிறது, இது தெரியாவிட்டால்?

ஆட்கள் நிறைய இருந்துவிட்டாலும் போதாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு கையில் எடுத்ததற்கு ஒரு காரணமே அளவுக்கு மீறிய பணியாளர் எண்ணிக்கையும் அதனால் வந்த நிதி நெருக்கடியும்தான். மிகையாக இருந்தவர்களை வேறு கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். இன்னொரு பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைப் பாருங்கள். ஜி.என். ராமச்சந்திரன் 1952-ல் அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுதான். 1954-ல் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றிழை அமைப்பு, 1963-ல் இன்றும் உலகம் முழுக்கப் புரத ஆய்வில் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம். விரல்விட்டு எண்ணக்கூடிய சகாக்களோடு, பக்கத்தில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒத்தாசையோடு நடந்த வேலை அது. முப்பது வயதுக்காரரை நம்பி ஒரு துறையை ஒப்படைத்தார்கள் என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். இன்று அந்த வயதில் நம் பிள்ளைகள் நியமன அறிவிக்கைக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தலைமைப் பொறுப்பும் இதே கதைதான். ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவ்வளவு காலம் ஒருவரே இருப்பது நல்லதா என்பது தனி விவாதம். ஆனால் ஏ பிளஸ் பிளஸ் தரம் வந்த அதே 2023-ல் துணைவேந்தரின் பதவிக்காலம் ஆகஸ்டில் முடிந்து, நாற்காலி காலியானது. அதன்பின் நெடுநாள் ஒருங்கிணைப்புக் குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான நியமன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரம் பெட்டியில் வந்தது, காலி நாற்காலி வரவில்லை.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ‘அரசுப் பல்கலைக்கழகம்’ என்கிறோம். அதன் மொத்த வருவாயில் அரசு தரும் பங்கு எவ்வளவு? தேர்வுக் கட்டணம், இணைவுக் கட்டணம், தொலைதூரக் கல்விக் கட்டணம் என்று மாணவர் பாக்கெட்டிலிருந்து வருவது எவ்வளவு? இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. வருமான வரி விதியில், வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருந்தால்தான் ‘பெருமளவு அரசு நிதியில் நடக்கும்’ நிறுவனம் என்று விலக்கு கேட்க முடியும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியதன் பின்னணியில் இருந்ததும் இந்த விகிதம்தான். சம்பளமும் ஓய்வூதியமும் நிற்குமோ என்று அங்கிருந்தவர்கள் தவித்ததை ஓய்வூதியம் வாங்குகிற எனக்குப் புரிந்துகொள்ள முடிந்தது. தமிழ்ப் பேரகராதியை 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதியாகவும், 1939-ல் பிற்சேர்க்கையாகவும் வெளியிட்ட இடம் அது. மதிப்பீட்டை மீறிச் செலவானாலும் வேலையை நிறுத்தாமல் முடித்த இடம்.

இதெல்லாம் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகப் பேரவையான செனட்டில் வைக்கும் ஆண்டறிக்கையில் பணியிட விவரம் பின்னிணைப்பாக இருக்கும். வரவு செலவுத் திட்ட நூலில் மானியம் ஒரு தலைப்பு, கட்டணங்கள் இன்னொரு தலைப்பு. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்குக் கொடுத்த தரவை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் போட்டாக வேண்டும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பதுகூட அதில் ஆண்டு வாரியாக இருக்கும். பெரும்பாலும் இணையதளத்தின் அடியில், மின்னிக்கொண்டிருக்கும் அறிவிப்புகளுக்குக் கீழே, ஒரு பி.டி.எஃப். ஆகக் கிடக்கும். அங்கேயும் கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை, 30 நாள். கேள்வியை மட்டும் சரியாகக் கேட்க வேண்டும். ‘மொத்த ஆசிரியர்கள் எத்தனை’ என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஒரே எண்ணை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகி விடுவார்கள். ‘இன்ன தேதியில், துறை வாரியாக, ஒப்பளிக்கப்பட்டவை, நிரப்பப்பட்டவை, தற்காலிகம்’ என்று கேட்டுப் பாருங்கள். பிரிவில் நாலு பேர் எழுந்து கோப்பு தேடுவார்கள்.

அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த முறை பெட்டி போடும்போது பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான செனட் ஹவுஸின் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால், நான் சொன்ன வரிகளுக்கு இடம் கிடைத்துவிடும். கட்டடக் கலைஞர் சிசோம் 1870-களில் கட்டிய அந்தக் கட்டடத்தைக் கடற்கரைச் சாலையில் போகிற எவரும் நேரிலேயே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் ஒரே தேதியில் ஒரே கேள்வியைக் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால் இன்னும் விசேஷம். படிவம் எப்படி அமைக்க வேண்டும் என்று உங்கள் நிருபர் கேட்டால், எந்தப் பத்தியில் எந்தப் பிரிவு மழுப்பும் என்பது உள்பட எழுதித் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், கல்விப் பிரிவு
(பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்துள்ளேன், வெளியிட வேண்டாம்.)